கையில் வாங்கியதைக் கீழே வைக்காதவர்

— அதான் சொல்றேன்ல தாயே, மாப்பிள்ளை ஒருவழியா இறங்கி வந்துட்டாரு. காலையிலேர்ந்து ஒரு பிழை இல்ல. நீ என்னடான்னா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணா. சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? மாசக்கணக்கா இந்த ரூம்ல, ஏசி தண்ணி சொட்டுற வாளிக்குப் பக்கத்துல, ரெண்டு பேரும் தலையைப் பிச்சுக்கிட்டோம். எல்லாத்தையும் கட்டி மேய்க்கிற அந்தப் புது ஃபிரேம்வொர்க் புரோகிராமுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வெச்சதே நீதான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுத்துக் குடுக்குற நம்ம பழைய ஜாவா சர்வீஸ் பொண்ணு வீடு, ரெண்டு வீடும் ஒத்துவரவே வராதுன்னு புலம்பினதும் நீதான். இன்னைக்கு ஒத்துவந்திருக்கு. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சந்தோஷம்.

— இதுக்கு நீ என்னைத் திட்டியே இருக்கலாம். டப்பாவைக்கூடத் திறக்கல. முதல்ல சாப்பிடு.

— பசிக்கல. நீங்க சாப்பிட்டீங்களா?

— எனக்கு எங்க பசிக்குது? இந்த வேலை வந்ததுலேர்ந்து பெல்ட்டுல புது ஓட்டை போட்டாச்சு. மாடி ஏறினா மூச்சு வாங்குது, பல்லு விளக்கினா ரத்தம் வருது. என்னைக் கட்டினதுக்கு அந்த சர்வரையே கட்டிக்கிட்டிருக்கலாம்னு உங்க அண்ணி தினமும் ஒரு பாட்டு பாடுறா. போகட்டும் விடு. வேலை முடிஞ்சாச்சு, இனிமே தூங்கினா எல்லாம் சரியாயிடும்.

— கையில என்னண்ணா அது, இவ்வளவு நீலமா?

— ரத்தம் எடுத்த இடம். ஊசி குத்தின பொண்ணு புதுசு போல. இன்னும் மறையல.

— எதுக்கு ரத்தம் எடுத்தாங்க?

— மறந்துட்டியா? சோதிச்சுப் பாக்க ஒரு நோயாளி நம்பர் வேணும்ல. அடுத்தவங்க ரிப்போர்ட்டைத் திறந்தா ஆஸ்பத்திரிக்காரங்க நம்மளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் நம்ம வழக்கப்படி கையை நீட்டிட்டேன். போன தடவை நீ குடுத்த, இந்தத் தடவை என் முறை.

— ஆமா. புரோகிராம் ஓடுதான்னு பாக்க ரத்தம் குடுக்குற கூட்டம் நாம மட்டும்தான் இருப்போம்.

— அப்பாடா, சிரிச்சுட்டா!

— சிரிக்கல அண்ணா. உங்க போன் அதிருது.

— லேப் நம்பர். காலையிலேர்ந்து விடாம அடிக்கிறாங்க. எழுத்து சின்னதா இருக்கு, கட்டம் கோணலா இருக்குன்னு குறை சொல்லத்தான் இருக்கும். மெதுவா பேசிக்கலாம். அதை விடு. உனக்கு என்ன ஆச்சு? வீட்டுல ஏதாவது பிரச்சனையா? என்கிட்ட சொல்ல மாட்டியா?

— தங்கச்சிக்கு ரிசல்ட் வந்துடுச்சு.

— பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தாளே, அதுக்கு எடுத்த டெஸ்ட்டா? எப்பப் பாத்த?

— காலையில வந்ததும். அவளோட நம்பர், அவளே குடுத்த ரகசிய எண். "அக்கா, உன் சர்வீஸ்லதானே வரும், நீயே பாத்துச் சொல்லு, எனக்குப் பயமா இருக்கு"ன்னு குடுத்தா. ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சு விளையாட்டாத் திறந்தேன்.

— என்ன போட்டிருக்கு?

— படிக்கிறேன், கேளுங்க. வெள்ளை அணு இருக்க வேண்டியதுக்குப் பல மடங்கு. தட்டணு ரொம்பக் கம்மி. முதிராத செல்கள் நிறையத் தெரியுதாம். அப்புறம் கீழ ஒரு வரி. "ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம். தாமதம் செய்யாமல் ரத்தநோய் நிபுணரைப் பார்க்கவும்."

— அடக் கடவுளே.

— அதுக்கு மேல என்னால படிக்க முடியல. மத்தியானத்துலேர்ந்து அவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, நான் கட் பண்ணிக்கிட்டே இருக்கேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரா இங்கதான் வருவா. வாசல்ல நின்னுக்கிட்டு என் மூஞ்சியைப் பாப்பா. அம்மா போனதுலேர்ந்து அவளுக்கு எல்லாம் நான்தான் அண்ணா. சடை பின்னிவிட்டது நான், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனது நான். இதையும் நான்தான் சொல்லணுமா?

— அழு தாயே. அடக்கி வெக்காத. இந்த ரூமுக்கு யாரும் வர மாட்டாங்க.

— அவ இன்னும் சின்னப் பொண்ணு.

— இப்பல்லாம் இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சாச்சுல்ல? நான் வரேன் கூட. நீ தனியா நிக்க வேண்டாம். உங்க அண்ணியையும் வரச் சொல்றேன்.

— மேசை போன் அடிக்குது. நீங்க எடுங்க, என் குரல் சரியில்ல.

— சொல்லுங்க, கம்ப்யூட்டர் ரூம்தான்... ஆமா, இன்னைக்குக் காலையிலேர்ந்துதான் புதுசு ஓடுது... என்ன டாக்டர்?... ரெண்டு பேருக்குமேவா?... ஒரு புள்ளி, கமா மாறாமயா?... இல்ல, யார்கிட்டயும் எதையும் சொல்லிடாதீங்க. தயவுசெஞ்சு எந்த ரிப்போர்ட்டையும் திறக்காதீங்க. இதோ பாக்கறேன்.

— என்னவாம்?

— மேல் மாடி டாக்டர். இப்பத்தான் ரிப்போர்ட்டெல்லாம் திறந்து பாக்க ஆரம்பிச்சிருக்காரு. கால் உடைஞ்சு படுத்திருக்கற பையனுக்கும், கண் ஆபரேஷனுக்கு வந்த பாட்டிக்கும் ஒரே ரிசல்ட் வருதாம். வெள்ளை அணு, தட்டணு எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி. அடுத்த ஆளைத் திறந்தா அங்கயும் அதேதானாம்.

— என்ன ரிசல்ட்?

— நீ இப்பப் படிச்சியே, அதே.

— அண்ணா!

— இரு, இரு. எந்திரிக்காத. யோசிக்க விடு.

— நேத்து சாயங்காலம் வரைக்கும் காலி, காலின்னு பிழை கொட்டிக்கிட்டிருந்ததே. எப்படி நிறுத்தினீங்க? நான் கிளம்பினதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?

— பிரச்சனை என்னன்னு உனக்கே தெரியும். மாப்பிள்ளை தான் கூட்டிட்டு வந்த ஆளுக்குத்தான் லேப் கணக்கைத் திறக்குற சாவியைக் குடுப்பாரு. ஆனா சர்வீஸ் பக்கம், ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் கேக்கும்போதும் அதுவா ஒரு புது ஆளை உண்டாக்கி நிறுத்துது. பின்வாசல் வழியா வந்தவனுக்கு முன்வாசல்ல சாவி யாரு குடுப்பா? வெறுங்கையோட நின்னான். அதான் பிழை.

— அது தெரியும். அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?

— அலுத்துப்போயிட்டேன் தாயே. புதுப்புது ஆளே வேண்டாம், மாப்பிள்ளை கூட்டிட்டு வந்த ஒரே ஆளையே உக்கார வெச்சுடலாம், யாரு வந்து கேட்டாலும் அவரே பதில் சொல்லட்டும்னு ஒரு வரியை மாத்தினேன். பிழை நின்னுபோச்சு. வீட்டுக்குப் போய் விழுந்து தூங்கிட்டேன்.

— ஒரே ஆளா? எல்லாருக்குமா? அந்த ஆளுக்கான புரோகிராம் உள்ள நாம என்ன எழுதியிருக்கோம், ஞாபகம் இருக்கா? நோயாளியோட ரிசல்ட் காலியா இருந்தா மட்டும் போய் எடுத்துட்டு வான்னு எழுதியிருக்கோம்!

— ஐயோ.

— ஒவ்வொரு தடவையும் புது ஆளா வந்தப்ப அது எப்பவும் காலியாத்தான் இருந்துச்சு, ஒழுங்கா எடுத்துட்டு வந்துச்சு. இப்ப ஒரே ஆளு. முதல்ல வந்தவங்களோட ரிசல்ட்டை வாங்கிக் கையில வெச்சிருக்காரு. கீழ வெக்கவே இல்ல. அடுத்து யாரு கேட்டாலும் கையில இருக்கறதையே நீட்டுறாரு!

— ஆனா மேல உன் தங்கச்சி பேரு இருந்துச்சுல்ல?

— பேரு வேற இடத்துலேர்ந்து வருது அண்ணா, அது பக்கத்தைத் திறந்தவங்க பேரு. கீழ இருக்குற ரிசல்ட் மட்டும்தான் நம்ம சர்வீஸ். அண்ணா... அப்ப அது அவளோடது இல்ல!

— பதறாத. இன்னும் தெரியாது. அந்த வரியைப் பழையபடி மாத்தறேன். காலியா இருந்தாங்கறதையும் தூக்கிடறேன். இனிமே யாரு கேட்டாலும் புதுசாத்தான் எடுக்கணும். சாவிக்கு வேற வழி இருக்கு, ஒவ்வொரு புது ஆளையும் மாப்பிள்ளைகிட்டயே கேட்டு வாங்கிக்கோன்னு சர்வீஸுக்குச் சொல்லிட்டாப் போதும். நேத்தே அதைத்தான் செஞ்சிருக்கணும்.

— சீக்கிரம்.

— இந்தா, ஏத்தியாச்சு. சர்வர் எழுந்திரிக்கட்டும்.

— எழுந்திரிக்கிறதுக்குள்ள என் உசிரு போயிடும் போலிருக்கே.

— வந்துடுச்சு. தங்கச்சி நம்பரை நீயே போடு.

— முடியல. நீங்க போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— போட்டுட்டேன்.

— சொல்லுங்க. என்னவா இருந்தாலும் சொல்லுங்க.

— வெள்ளை அணு சரியா இருக்கு. தட்டணு சரியா இருக்கு. இரும்புச்சத்து கொஞ்சம் கம்மி. "மாத்திரை போதும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்." அவ்வளவுதான் தாயே. வேற ஒண்ணுமில்ல.

— இரும்புச்சத்தா? சத்தியமாவா?

— திரும்பு, உன் கண்ணாலயே பாரு.

— அடிப்பாவி, காலையில பட்டினியாப் போகாதடின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என்னைக் கொன்னுட்டா இன்னைக்கு. இருங்க, அவ கூப்பிடறா. ஹலோ... ஆமாடி, வேலையா இருந்தேன்... ஒண்ணும் இல்ல, ஒண்ணுமே இல்ல, இரும்புச்சத்துதான் கம்மியாம்... அழல, சளி... நேரா வா, வெளியில எங்கயாவது சாப்பிடலாம். அண்ணாவும் வராரு... வெக்கிறேன்.

— மூஞ்சியைக் கழுவிட்டுப் போ. பாத்தா பயந்துடுவா.

— இப்பத்தான் அண்ணா பசிக்குது. இந்த டப்பாவை ரெண்டு பேரும் பிரிச்சுக்கலாமா? என்ன, அப்படியே திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டீங்க?

— பதிவைப் பாத்துக்கிட்டிருந்தேன். காலையிலேர்ந்து யாரு யாரு திறந்தாங்கன்னு.

— ஆமா, நான் என் சந்தோஷத்துலேயே இருக்கேன் பாருங்க. அந்த ரிசல்ட் நிஜமாவே யாரோ ஒருத்தருக்கு உள்ளதுதானே. பாவம், அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. யாருன்னு கண்டுபிடிச்சு உடனே சொல்லணும் அண்ணா. இன்னொரு வீட்டுல என்னை மாதிரியே ஒருத்தி இருப்பா. உங்க போன் மறுபடி அதிருதே. லேப்தானா?

— லேப்தான். அதை எடுத்துக் குடு, பேசிடறேன். அந்த ஆளுக்கு நீ தேடிப் போய்ச் சொல்ல வேண்டாம் தாயே, அப்பவே வரி விடாம படிச்சுச் சொல்லிட்ட. வழக்கம்போல ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு, படிக்காமலே மூடிட்டேன். காலையில முதல்ல திறந்த நம்பர் என்னோடது.