தங்கச்சியோடு தீவுக்குப் போன நாள்

ஆவணி மாதத்தில் அளுத்கமைப் பக்கக் கடல் கொந்தளிக்கும், யாரும் போவதில்லை. எனக்குக் கூட்டம் ஒத்துவராது, ஆகவே அந்த மாதமே நல்லதென்று நினைத்தேன்.

கேட்டது தங்கச்சிதான். எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் யன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். இருந்தும் அருந்ததி ஒருநாளும் வள்ளத்தில் ஏறியதில்லை. “போறதுக்கு முன்னம் ஒருக்கா ரெண்டு பேருமா எங்கையாவது போவமே, அக்கா” என்றாள். போறது என்று அவள் சொன்னது கலியாணம் முடித்துப் போவதை.

நீங்கள் என்னைப்பற்றி ஒரு முடிவுக்கு வர முதல் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஐயா. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆட்கள் வந்தபோது, அவளை வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகு அறைக்குள் தள்ளி வெளியால் பூட்டியது நான். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா என்னைத் தன் மகள் என்று சொல்லி வைத்திருந்தா. வந்தவர்கள் வீட்டை எரித்தார்கள். பூட்டிக் கிடந்த விறகு அறையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அதற்கு முதலே காலமாகிவிட்டார்கள். அவளுக்கு என்னைவிட்டால் யாருமில்லை.

பிறகு அது பழகிவிட்டது. ஆமி ரவுண்ட்-அப் என்றார்கள், பூட்டினேன். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது, பூட்டினேன். நான் வங்கி வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போய், வந்து திறப்பேன். சமைத்து மூடி வைக்காமல் ஒருநாளும் போனதில்லை. ஒரு பெண்பிள்ளையை இவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் கொழும்பில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

சமாதானம் வந்ததோடுதான் கரைச்சல் தொடங்கியது. யாழ்ப்பாணப் பாதையைத் திறந்தார்கள், செக்பொயின்ற்றுகளை எடுத்தார்கள். பூட்டுவதற்கு என்னிடம் காரணம் இல்லாமல் போனது. அவள் தனியாக மாக்கெற்றுக்குப் போய்வந்தாள். அங்கேதான் நவரத்தினத்தைக் கண்டது. பாமன்கடையில் ரியூசன் கொடுக்கிறவர், மனைவியை இழந்தவர். நல்ல மனிதர், நான் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை கலியாண எழுத்து, அடுத்த கிழமை யாழ்ப்பாணம் என்று இருவரும் பேசி முடித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலமை ரயிலில் அளுத்கமைக்குப் போனோம். படகுக்காரர் முதலில் மறுத்தார், பிறகு கடலைப் பார்த்துவிட்டு, பின்னேரம் வந்து ஏற்றுவதாக எங்களைத் தீவில் இறக்கிவிட்டார். சின்னத் தீவு. சீசனில் வெள்ளைக்காரருக்குச் சோடா விற்கிற கடை ஒன்று, மூடிக்கிடந்தது. அதன் பின்பக்கத்தில் கதிரைகளை அடுக்கி வைக்கிற, கொண்டி மட்டும் போட்ட ஒரு கல் அறை. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். வங்கிச் சுற்றுலாவில் முன்னம் வந்திருக்கிறேன்.

தங்கச்சி சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்று சிரித்தாள். “நீங்களும் எங்களோடை வாங்கோவன் அக்கா. அவருக்கு அங்கை பெரிய வீடு” என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் வளர்த்த பிள்ளை என்னை விருந்தாளியாகக் கூப்பிடுகிறாள்.

மழை பிடித்தது. அவளை முதலில் உள்ளே போகச் சொன்னேன். பாணும் தண்ணிப் போத்தலும் இருந்த பையை அவளிடம் கொடுத்தேன். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினேன். பூட்டு என் கைப்பைக்குள் இருந்தது. எங்கள் வீட்டுப் பூட்டுத்தான், அவளுக்குப் புதிதில்லை.

“அக்கா, விளையாடாதேங்கோ” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அக்கா, எனக்கு நாப்பது வயசு” என்றாள். பிறகு தட்டத் தொடங்கினாள்.

“தட்டாதை. நான் வருவன்” என்றேன்.

படகுக்காரர் வந்து “நங்கி கோ?”, தங்கச்சி எங்கே என்று கேட்டார். சுகமில்லாமல் மீன்பிடி வள்ளத்தில் ஏறிப் போய்விட்டாள் என்று சிங்களத்தில் சொன்னேன். கடல் எழும்பத் தொடங்கியிருந்தது, அவருக்கு அவசரம். அலைச்சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

திங்கள் கழியும் மட்டும்தான் என் எண்ணம். கழிந்தால் போய்த் திறந்திருப்பேன். கடல் விடவில்லை, வள்ளங்கள் எல்லாம் கரையில் இருந்தன. திங்கள் பின்னேரம் நவரத்தினம் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு விருப்பமில்லை, கண்டிக்குச் சிநேகிதியிடம் போய்விட்டாள் என்றேன். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் எழும்பிப் போனார்.

நீங்கள் கேட்பது சரி, இன்ஸ்பெக்டர் ஐயா. புதன்கிழமை கடல் அடங்கியது, ரேடியோவில் நானும் கேட்டேன். அன்றைக்கு நவரத்தினம் திரும்பவும் வந்து வாசலில் நின்றார். “என்னைக் கட்ட வேண்டாம். அவ எங்கை இருக்கிறா எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

வியாழன் வரைக்கும் அவளுக்கு மூச்சு இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம், அவள் பொறுமைசாலி. அப்படியானால் அந்த மனிதரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள்.

சொல்லியிருந்தால், ஐயா, அவர் போய்க் கதவை உடைத்து அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.