பரோட்டா மாஸ்டரின் குதிகால்

...இன்சூரன்ஸ்னு நான் சொன்ன உடனே பின்வரிசையில ரெண்டு பேர் வாசலைப் பாக்குறது இங்கேயிருந்தே தெரியுது! உக்காருங்க சார், பாலிசி விக்க வரலை. ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், அதைக் கேட்டுட்டு எங்கே வேணா போங்க.

கோவில்பட்டியில கிரேஸ்லின்னு ஒரு பிசியோதெரபிஸ்ட். உங்களை மாதிரிதான். பத்து வருஷம் அடுத்தவங்க ஆஸ்பத்திரியில உழைச்சு, அப்புறம் சொந்தமா ஒரு சின்ன கிளினிக் போட்டவங்க. நம்ம சிகிச்சையில தவறு நடந்து யாராவது கேஸ் போட்டா நமக்காக நிக்கிற பாலிசி இருக்கு பாருங்க, அதை எடுக்கப் போறேன்னாங்க. வீட்டுக்காரர் அருள்ராஜ் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"ஏன் கிரேஸு, நீ கத்தி எடுக்குறியா? மயக்க ஊசி போடுறியா? துண்டைச் சுத்தி ஒத்தடம் குடுக்குறதுக்கு எவன்மா கேஸ் போடுவான்?"

நம்ம வீட்டுலயும் இதே பேச்சுதானே? ஆனா அந்தம்மா எடுத்துட்டாங்க.

அடுத்த வருஷம்... வந்தாரு பால்பாண்டி அண்ணாச்சி! பஸ் ஸ்டாண்டுக்கிட்ட பரோட்டா மாஸ்டர். நின்னு நின்னு குதிகால் வலி. கூடவே இருபது வருஷத்துச் சர்க்கரை. சர்க்கரை இருந்தா கால்ல உணர்ச்சி மந்தமாயிடும். அப்போ ஒத்தடம் வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? சொல்லுங்க... ஆங்! ரெண்டு டெஸ்ட் ட்யூப். ஒண்ணுல சுடுதண்ணி, ஒண்ணுல பச்சைத்தண்ணி. கண்ணை மூடச் சொல்லிட்டு, கால்ல மாத்தி மாத்தி வச்சு எது சூடுன்னு கேக்கணும். அரை நிமிஷ வேலை.

அன்னைக்குப் பாத்து கிளினிக்ல நல்ல கூட்டம். அந்த அரை நிமிஷத்தை விட்டுட்டாங்க. வாயால மட்டும் கேட்டாங்க. "அண்ணாச்சி, சூடு தாங்குதா?"

அண்ணாச்சி மீசையைத் தடவுறாரு. "எம்மா, முப்பது வருசமா கல்லு முன்னால நிக்கிறவன்ட்ட கேக்குற கேள்வியா இது? இதெல்லாம் ஒரு சூடா? இன்னும் வையி!"

வச்சாங்க. துண்டை எடுத்தா... குதிகால்ல கொப்புளம். அது புண்ணாகி, லேசுல ஆறாம, ரெண்டு மாசம் அண்ணாச்சி கடைக்கே போக முடியலை. பிள்ளைகளுக்குக் கோபம். வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு.

சிரிச்ச மனுஷன் அருள்ராஜ் இப்ப வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. "கிரேஸு, கேஸ் ஷீட்ல இடம் இருக்கு பாரு. உணர்ச்சி சோதிச்சேன்னு ஒரே ஒரு வரி சேத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தம்மா பேனாவை எடுத்துட்டாங்க. ஆமாங்க... எடுத்துட்டாங்க! தப்பா நினைக்காதீங்க. கிளினிக் கையை விட்டுப் போயிடுமோன்னு பயம். பாவம், பத்து வருஷ உழைப்பு இல்லையா? ஆனா எழுதுறதுக்கு முன்னாடி, எதுக்கும் இன்சூரன்ஸ்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேப்போமேன்னு போன் போட்டாங்க.

அங்கே ஒரு பொண்ணு நிதானமாச் சொல்லுச்சு. "பயப்படாதீங்க மேடம், வக்கீல் நாங்க வைக்கிறோம். நீங்களாப் போய் யாருக்கும் எதுவும் தர்றேன்னு வாக்குக் குடுக்காதீங்க. எங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க. கேஸ் ஷீட்ல ஒரு எழுத்தை மாத்தினாலும் அப்புறம் நாங்க உங்க பக்கம் நிக்க முடியாது."

கிரேஸ்லின் கேஸ் ஷீட்டை மூடி வச்சுட்டாங்க. வேற தாள் எடுத்து, உணர்ச்சி சோதிக்கவில்லைன்னு அப்படியே எழுதிக் குடுத்தாங்க. அன்னைக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு வயிறாரச் சாப்பிட்டாங்களாம்.

ஆறு மாசத்துல சமரசம் ஆச்சு. கம்பெனி இழப்பீடு குடுத்துச்சு. கையெழுத்துப் போட்டு முடிச்சதும் அண்ணாச்சி மெல்லக் கிட்ட வந்தாரு.

"எம்மா... நான்தானே வையி வையின்னேன்? அதைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம்லா?"

"உங்க வாயைத்தானே கேட்டேன் அண்ணாச்சி? காலைக் கேக்கலையே. தப்பு என் தப்புதான். என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணாச்சி இடுப்புல கையை வச்சாரு. "சரி, இடுப்பு ஒரு வாரமாப் பிடிச்சிருக்கு. நாளைக்குக் காலையில வரட்டா?"

வரட்டான்னு கேட்டாருய்யா! சூடு பட்ட மனுஷன், நோட்டீஸ் விட்ட மனுஷன், திரும்ப அதே கிளினிக்குக்கு வர்றேங்கிறாரு!

என் அன்புச் சொந்தங்களே, அந்தப் பாலிசி வக்கீல் வச்சுது, இழப்பீடு குடுத்துச்சு. எல்லாம் சரி. அதை விடப் பெரிசா அது எதைக் காப்பாத்துச்சு? ஒரு நல்ல பொம்பளையைப் பொய் எழுத விடாமக் காப்பாத்துச்சு. பாலிசி இருக்கேன்னு டெஸ்ட் ட்யூபைத் தூக்கிப் பரண்ல போட்டுடாதீங்க, கொன்னுபுடுவேன்! ஆனா நாமளும் மனுஷங்கதானே? ஆயிரம் காலைத் தொடுற கை என்னைக்காவது ஒரு காலைத் தவற விடும். அன்னைக்கு, 'ஆமா, செய்ய வேண்டியதை நான் செய்யலை'ன்னு பேஷண்ட் முகத்தைப் பாத்துச் சொல்ற தைரியம் உங்களுக்கு இருக்குமா?

பாலிசி எடுக்காதவங்க கையைத் தூக்குங்க பாப்போம்... அடேயப்பா! இத்தனை பேரா? சரி, தூக்குன கையை இறக்காதீங்க. அப்படியே எழுந்து வெளியே இருக்கிற மேசைக்கு வாங்க, நானும் கூட வர்றேன்.