இரண்டு திரை, ஓர் ஆட்டம்

எனக்குச் சதுரங்கத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. காய்கள் எப்படி நகரும் என்று தெரியும், அவ்வளவுதான். ஒரு கருவிக்காக எழுதிய செயலியை வேறொரு கருவியில் ஓடவைப்பது என் பிழைப்பு. அக்கா இந்த ஸ்டேஷனில் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் எதுவும் பொய்யில்லை. ஏன் செய்தேன் என்பது மட்டும் இல்லை, அதைச் சொல்கிறேன்.

அக்கா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனபோது அப்பா அவளோடு பேச்சை நிறுத்தினார். அவளும் அவர் மகள்தானே, பேசவில்லை. ஒருநாள் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“என் கம்ப்யூட்டர்ல இருக்கற செஸ்ஸை அவ போன்லயும் ஓடற மாதிரி பண்ண முடியுமாடா? பேசறதுக்கு இல்ல. சும்மா ஆடறதுக்கு.”

செய்துகொடுத்தேன். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் டேப்லெட்டுக்கு மாற்றிக் கட்டங்களைப் பெரிதாக்கினேன். பார்வை மங்கியதும் ஒவ்வொரு நகர்த்தலையும் அது வாய்விட்டுச் சொல்லும்படி செய்தேன். அவரைக் குளிப்பாட்டியதும் மருந்து கொடுத்ததும் நான். அவர் முகம் மலர்ந்தது அவள் காய் நகர்த்தியபோது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். கூடவே இருக்கிற பிள்ளையும் அப்படித்தான்.

ஒவ்வொரு கருவியிலும் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று, பழைய ஆட்டங்களைக் கொடுத்துச் செயலியையே அவர்களைப்போல ஆடப் பழக்கினேன். அப்பா நிதானமாகக் குதிரையை முதலில் இறக்குவார். அக்கா ராணியைத் துணிந்து பலிகொடுப்பாள். நன்றாகவே வந்தது. அதுவரை என்மேல் தப்பில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பிறகு ஒருநாள் திரையில் பலகைக்குக் கீழே, செய்தி எழுதும் இடத்தில் அக்கா எழுதினாள்: “அப்பா, கோபம் போதும். நான் வந்து உங்களை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அவர்கள் எழுதுவது எல்லாம் என் கணினி வழியாகத்தான் போகும். அப்பா சரியென்றுவிடுவார் என்று தெரியும். எனக்கு அவரைத் தவிர யாருமில்லை. அதை அழித்தேன். அப்பா எழுதுவதுபோல, “வர வேண்டாம். ஆட்டம் மட்டும் போதும்,” என்று பதில் அனுப்பினேன். அன்றிலிருந்து அப்பா அக்காவென்று நினைத்துச் செயலியோடு ஆடினார். அக்கா அப்பாவென்று நினைத்து அதனோடு ஆடினாள்.

“உங்கக்கா இன்னிக்குக் கோபமா ஆடறாடா,” என்று அப்பா சிரிப்பார். பிறகு, “ஒரு வார்த்தை எழுதக்கூடாதா அவ?” என்பார்.

“அவ அப்படித்தானேப்பா.”

அவர் படுத்த படுக்கையானதும் டேப்லெட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கையால் தள்ளினார்.

“பலகை வேணாம்டா. அவ குரலக் கேக்கணும். போன் போட்டுக் குடு.”

வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்து, “எடுக்கமாட்டேங்கறாப்பா,” என்றேன்.

“எடுக்கமாட்டாளா,” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அடக்கத்துக்கு வந்த நாலு பேரிடம், அவளுக்குச் சொல்லிவிட்டேன், வரமுடியவில்லையாம் என்றேன். அவளிடம் சொல்லவில்லை. துக்கத்தை எதற்குக் கொடுப்பது? அவளுக்கு அப்பா தினமும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, “வராதேன்னா வராம இருந்துடுவேனா?” என்று சிரித்தபடி அப்பாவின் அறைக்குள் போனாள். கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

“அப்பா எங்கடா?”

வாசலில் கிடந்த பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன்.

“எங்கடா? பஸ்ஸுல வர்றப்பகூட ஆடிட்டிருந்தாரே. இப்பத்தானே குதிரைய நகர்த்தினாரு?”

கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. கைபேசியைக் கட்டிலில், அப்பாவின் தலையணை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

ஆமாம், எல்லாம் செய்தது நான்தான். சாகக் கிடந்தவரிடம் மகள் போனை எடுக்கவில்லை என்று சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்: செயலியை நான் அழித்துவிட்டதாக என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அழிக்கவில்லை. கோபம் ஆறியதும் அக்காவுக்கு அப்பா வேண்டியிருக்கும்.