ரணஜன்னி வார்டின் மங்கல் வெளிச்சம்

இல்லை, இருட்டாக்கி வைத்தால் மட்டும் போதாது. அந்த இருட்டிலும் நோயாளியின் உதடு நீலம் பாய்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சிஸ்டர் பங்காரம்மா என்னிடம் முதன்முதலில் பேசியது இதைத்தான்.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேட்ரன் அம்மா அவர்களே, மருத்துவர்களே, வார்டுத் தோழர்களே, கோபியிலிருந்து வந்திருக்கும் சிஸ்டரின் குடும்பத்தாரே, வணக்கம். நான் பொற்கொடி. இந்த மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்ப்பவள்.

மஞ்சள் காமாலை. ஒன்பதே நாளில் சிஸ்டர் போய்விட்டார். முப்பத்தாறு வயது.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் வார்டுக்குள் போயிருக்கிறீர்களா? பகலிலும் கறுப்புத் திரை. சட்டென்று வெளிச்சம் பட்டால் நோயாளிக்கு இழுப்பு வரும், மூச்சே நிற்கலாம். அந்த இருட்டில் பதினோரு ஆண்டுகள் நின்றவர் யார்? நம் பங்காரம்மா!

இந்த ஆடியில், அந்தியூர்க் குதிரைச் சந்தையில் லாட ஆணியை மிதித்த சின்னான் இங்கே சேர்ந்தார். இதோ, மூன்றாம் வரிசையில் மனைவி பழனியாத்தாளோடு உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான், டாக்டர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எல்.இ.டி. டார்ச்சை சிஸ்டர் என் மேஜையில் வைத்தார்.

“ஏனுங்க அம்மணி, இது டார்ச்சுங்களா, லாரி லைட்டுங்களா? கொஞ்சம் அடக்கிக் குடுங்க.”

அடக்கினேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர் சேர்த்தேன். மின்சாரம் குறைந்தது, வெளிச்சம் மங்கியது. தள்ளு சுவிட்சில் மூன்று நிலை: அணைப்பு, முழு வெளிச்சம், மங்கல். அந்த வரிசைதான் என் தவறு. மங்கலுக்குப் போக முழு வெளிச்சத்தைத் தாண்ட வேண்டும். வெயில் விழும் என் மேஜையில் அந்த ஒரு கணம் எனக்குத் தெரியவே இல்லை.

வார்டில் சிஸ்டர் சுவிட்சைத் தள்ளியபோது சின்னானுக்குத் தெரிந்தது. உடம்பு வில்லாய் வளைந்தது. பல் கிட்டிப்போனது. சிஸ்டர் ஒரு கையால் டார்ச்சைப் பொத்தி, மறு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

பிழைத்தார். இருபத்து மூன்றாம் நாள் திரை விலகியது. “இருட்டுல ஊட்டுக்காரரு மூஞ்சியே மறந்துபோச்சுங்க சிஸ்டரு” என்றார் பழனியாத்தாள். “இப்பப் பாத்துப்போட்டு எங்களத் திட்டாதீங்க அம்மணி!” என்றார் சிஸ்டர். வார்டே சிரித்தது.

ஆனால் விசாரணைக் குறிப்பில் என்ன இருக்கிறது? ‘டார்ச்சை நான் தவறாக இயக்கிவிட்டேன். பங்காரம்மா.’ நான் தற்காலிக ஊழியர். உண்மையை எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவர் எழுதவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, நான்கு மாதம் திறக்கவில்லை. குற்றக் குறிப்பு அவர் பணிப் பதிவேட்டில் ஏறியது. அதோடுதான் அவர் போயிருக்கிறார்.

சின்னான் அண்ணா, உங்களுக்கு இழுப்பு வந்தது என்னால். மேட்ரன் அம்மா, அவர் பெயரிலுள்ள குறிப்பைத் திருத்துங்கள். நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். என் வேலை உங்கள் முடிவு. நான் இங்கே இருக்கும்வரை, என் கையிலிருந்து வார்டுக்குப் போகும் எந்த டார்ச்சும் முதல் தள்ளலில் மங்கலாகத்தான் எரியும். இது பங்காரம்மா மேல் ஆணை!

அன்று அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டபின் அவர் என்னைத் திட்டினாரா? நேராக என் அறைக்கு வந்தார். “வரிசைய மாத்திப் போடுங்க கண்ணு, மத்தியான மருந்துக்கு வேணும்” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, நான் வயரை மாற்றிப் பற்றவைத்த சாலிடர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்.