முகப்பில் ஒரு முழம் கூழாங்கல்

பழைய வீட்டின் வெளிப்புறத்தைப் புதுப்பிக்கிறவர்கள் பெயிண்ட் கலரைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வீண் வேலை அது. முதலில் தரையைப் பார்க்க வேண்டும், ஐயா. தரை சரியாக அமைந்துவிட்டால் சுவருக்கு எந்தக் கலரும் எடுக்கும்.

என் நாத்தனார் படியில் விழுந்து இறந்ததற்குக் கொத்தனாரைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கைப்பிடி இல்லாமல் விட்டுவிட்டுப் போனார் என்று கேஸ். அவரை அனுப்பிவிடுங்கள். அவர் பெண்டாட்டி நேற்று என் காலில் வந்து விழுந்தாள். அப்போதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நாத்தனாருக்குப் பார்வை கிடையாது. என் கணவருக்கு அக்கா. அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறக்கூடாது. நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் போச்சு, "யாரு இதைத் தொட்டது?" என்று குரல் வந்துவிடும். குறை சொல்லவில்லை. கண் தெரியாதவருக்கு வீடு பழக்கத்தில்தான் பிடிபடும். ஆனால் புதுப்பெண்ணாக வந்து தலை நரைக்கும்வரை, ஒரு பூந்தொட்டியைக்கூட நான் என் இஷ்டத்துக்கு வைத்ததில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் என் முகத்தில்தான் காறித் துப்புவார்கள்.

முகப்பில் சிமெண்ட் பெயர்ந்து, வருகிறவர்கள் எல்லாம் கால் இடறிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் கணவர் இறங்கி வந்தார். "வெளியில மட்டும் உன் இஷ்டம். உள்ளே கை வைக்காதே" என்றார். தோட்டப் பாதை, சுற்றுச்சுவர், கேட் எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். முகப்புக்குச் சாம்பல் நிற டைல்ஸ்.

முகப்பிலிருந்து இறங்குவது செங்குத்தான கருங்கல் படி. அதற்கு முன்னால், முகப்பின் விளிம்பில், ஒரு முழ அகலத்துக்குக் கூழாங்கல் பதித்திருந்தது. மாமனார் தன் மகளுக்காகப் பதித்தது. நாத்தனார் வெறுங்காலோடுதான் நடப்பார். பாதத்தில் கல் உறுத்தினால் நின்று, கைப்பிடியைத் தடவிப் பிடித்து இறங்குவார். ஒருநாளும் தடுமாறியதில்லை.

அந்த இடம் வந்ததும் கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை எடுக்க வேணாம்க்கா. அவங்களுக்கு இதுதானே அடையாளம்?"

"எடுத்துடுங்க. ஒரே மாதிரி இருக்கட்டும். அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"கைப்பிடியையும் கழட்டியாச்சு. புதுசு வர இன்னும் நாளாகும்."

"நான் பார்த்துக்கிறேன்னு சொல்றேன்ல?"

மனிதர் அரைமனதாகத்தான் பெயர்த்தார். நாத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

வேலை நடந்தவரை அவர் பின்வாசலில்தான் புழங்கினார். கைப்பிடி தவிர மற்ற வேலை முடிந்த மறுநாள் காலை, கணவர் ஆபீஸ் போன பிறகு, புது முகப்பைப் பார்க்கக் கையில் கம்போடு ஆசையாக வந்தார். அவருக்குப் பார்ப்பது என்றால் காலால்தான். டைல்ஸில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "காலுக்கு ஜில்லுன்னு என்ன சுகமா இருக்கு. உனக்கு நல்ல ரசனைடி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காவது என் மனசு இளகியிருக்க வேண்டும். பாவி, எனக்கு இளகவில்லை.

நான் அவரைத் தள்ளவில்லை, ஐயா. தொடக்கூட இல்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று கணவரிடம் அழுதேன், அவரும் நம்பிவிட்டார். உங்களிடமும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாத்தனார் என்னிடம் கேட்டார்.

"படிக்கு முன்னாடி கல்லு பழையபடி இருக்குல்ல?"

"இருக்கு அண்ணி. நீங்க பாட்டுக்கு நடங்க."

அவர் சிரித்தார். கையிலிருந்த கம்பை என் பக்கம் நீட்டி, "அப்போ இது எதுக்கு, நீ பிடி" என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.