இரண்டு மணிக்கு விரித்த துண்டு

ஒரு பைசாவுக்கு நாலு மூச்சு. அறுபத்துநாலாம் வருஷத்தில் அதுதான் விலை. ஒரு சிலிண்டர் ஆக்ஸிஜன் இருபத்துநாலு ரூபாய். நெஞ்சில் தூசி அடைத்த ஆளுக்கு எட்டு மணி நேரம் வரும். நிமிஷத்துக்கு இருபது மூச்சு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு இடிக்காது. நான் ஆண்டர்சன்பேட்டையில் ஜவுளியும் மளிகையும் விற்றவன். ஒரு பொருளுக்கு விலையே இல்லை என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் கடைத்தெருவில் விசாரிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

என் பெயர் ராஜப்பா. இல்லத்தின் பொருளாளர். இல்லம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், ஒன்பது கட்டில், பழனியம்மா என்று ஒரு நர்ஸ். முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்து, நெஞ்சு கல்லாகி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் கைவிட்ட ஆட்கள் வந்து படுக்கும் இடம். கமிட்டியில் பதினோரு பேர். வேலை பார்த்தது நானும் தலைவர் டக்ளஸ் துரையும். துரை, சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கும் ஷாஃப்டில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயரானவர். எதைச் செய்தாலும் மணியோடு எழுதிவைப்பார்.

நன்கொடை திரட்டுவதும் வியாபாரம்தான். நாள் பார்த்து, இடம் பார்த்துக் கடை விரிக்க வேண்டும். இந்த ஊரில் நாள் என்றால் சம்பள நாள். இடம் என்றால் ஷாஃப்ட் கேட். பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, செத்தவன் பெயரைச் சொல்லி ஒரு துண்டை விரித்தால் போதும். கடன்காரனுக்குப் பயந்து பின்வழியாகப் போகிறவன்கூட அந்தத் துண்டைத் தாண்டிப் போகமாட்டான். அடக்கச் செலவு போக மீதி இல்லத்துக்கு வரும். உயிரோடு படுத்திருக்கிறவனுக்கு என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அடுத்த சம்பளத்துல பாக்கலாம் மொதலாளி" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். செத்தவன் திரும்ப வந்து இன்னொரு தடவை கேட்கமாட்டான் என்ற நிம்மதி பெரிது.

அதற்கு முந்தின வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒருத்தன், உயிரோடு இருந்த தன் மாமனாருக்குத் துண்டு விரித்து வசூல் செய்துவிட்டுப் போனான். விஷயம் தெரிந்ததும் ஆட்கள் துண்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏழு மாதம், நிஜமாகச் செத்தவனுக்குக்கூட ஒரு காலணா விழவில்லை. அந்த ஏழு மாதத்தில் எங்கள் இல்லத்தில் ஐந்து பேர் சிலிண்டர் இல்லாமல் போனார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குச் சம்பள நாள். சிலிண்டர் ஏஜெண்டின் ஆள் தங்கவேலு வண்டியோடு என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். பழைய பாக்கி தீராமல் ஒரு சிலிண்டர்கூட இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னது நியாயம். அவன் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு நாகம்மா ஓடிவந்தாள். கடைசி அறையில் இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்த பெரியசாமியின் மனைவி. முகமெல்லாம் கண்ணீர்.

"மொதலாளி, மேல ஏறிட்டாரு" என்றாள். "ரெண்டு மெழுகுவத்தி குடுங்க. சாயங்காலம் விகாரையில ஏத்தணும்."

அவர்கள் புத்த மதத்துக்காரர்கள். நான் மெழுகுவத்தியைக் கொடுத்து, காசு வேண்டாம் என்றேன். அவள் கும்பிட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். அவள் அழுத கண்ணோடு சிரித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போது நான் மனதுக்குள் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரிகம் ஷாஃப்ட் கேட்டில் துண்டை விரிக்கும்போது டக்ளஸ் துரை கேட்டார்: "பேர் கரெக்ட்டா ராஜப்பா? யார் சொன்னது?"

"பொண்டாட்டியே வந்து சொன்னா துரை."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்: பெரியசாமி, டிரில்லர், மணி இரண்டு.

அறுநூற்று நாற்பது ரூபாய் விழுந்தது. அவ்வளவு பெரிய துண்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெரியசாமி நல்ல வேலைக்காரன். தங்கவேலுவின் பாக்கியைத் தீர்த்து, புதுச் சிலிண்டர்களுக்கும் பணம் கட்டி, அவனை இல்லத்துக்கு அனுப்பினேன். மாலையும் கோடித் துணியும் வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். பழனியம்மா பின்னால் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் நேராகக் கடைசி அறைக்குப் போனேன்.

பெரியசாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். பக்கத்தில் தங்கவேலு இறக்கிய புதுச் சிலிண்டர்.

"இன்னா மொதலாளி, மாலை யாருக்கு?" என்றான்.

நான் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான், இருமல் வந்து, திரும்பவும் சிரித்தான்.

"அவ சொன்னது நான் பொழச்சிக்கினேன்னு. கீழ பாறை வெடிச்சிதுன்னா பொம்பளைங்கல்லாம் ஷாஃப்ட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. ஆளு கேஜ் கூண்டுல உசுரோட வந்தா, மேல ஏறிட்டாருன்னு சொல்லி அழுவாங்க. எனக்கு மூச்சு நின்னு நின்னு வந்துகினு இருந்து, பகல்ல சீராயிடுச்சி. அதைத்தான் சொல்லிகீறா. உங்க பஜார்ல மேல போனா சாவு. எங்க ஆளுங்களுக்குக் கீழ போறதுதான் பயம்."

பிறகு கேட்டான்: "எவ்ளோ விழுந்துச்சி?"

"அறுநூத்தி நாப்பது."

"உசுரோட கேட்டப்ப ஒருத்தன் பீடி குடுக்கல. செத்ததுக்கு இவ்ளோவா. முன்னாடியே செத்திருக்கலாம் போலகீது."

நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் எந்த விரோதமும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு அவன் ஷிப்ட் ஆட்கள் முகம் பார்க்க வருவார்கள் என்றேன். வரட்டும், உட்கார்ந்தபடியே கும்பிடுகிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான். பணம் தங்கவேலுவோடு பங்காருப்பேட்டைக்குப் போய்விட்டது, இப்போது உன் மூக்கு வழியாகப் போவதும் அந்தப் பணம்தான் என்றேன். அவன் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதான். இன்னா பண்ணுவாங்க, திட்டுவாங்க. திட்டட்டும்."

நான் பேரம் பேசினேன். குடியாத்தத்தில் என் தங்கை வீடு இருக்கிறது, பின்வாசலில் வண்டி வரவழைக்கிறேன், அங்கே போய் இரு என்றேன். வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐம்பது ரூபாய் என்றேன், நூறு என்றேன். நாகம்மாவுக்கு ஆயுசுக்கும் என் கடையில் அரிசி என்றேன். அதற்கு மேல் எந்த வியாபாரியும் ஏறமாட்டான்.

"பொய் சொல்லமாட்டேன்னு தெனமும் காலைல விளக்கு முன்னால சொல்றவன் மொதலாளி. கடைசி நாலு நாளுக்கு அதை மாத்திக்கணுமா?"

கடைசி நாலு நாள். அதை அவன்தான் சொன்னான். நான் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாலு நாளில் போகப்போகிற ஓர் ஆள், ஆறு மணிக்கு உட்கார்ந்து கும்பிட்டால், அதோடு துண்டு முடிந்தது. மற்ற எட்டுக் கட்டிலும் முடிந்தது. அடுத்த அறையில் தசரதன் இருமுவது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர் பணத்தைக் கொடுத்துவிட்டது. வாங்கிய காசுக்குச் சரக்கு கொடுக்காமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

சிலிண்டர் சாவியை வலப்பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும். அவன் கொஞ்சம் கண்ணயர்ந்தபோது திருப்பினேன். விழித்து என்னைப் பார்த்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஆறுதலுக்காக, பிறகு அது சாவியை எட்டாமல் இருப்பதற்காக. துளைத்துத் துளைத்துக் காய்த்துப்போன கை, நோயாளியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பது வரை போயிற்று, பிறகு குறைந்தது. எல்லாம் முடிந்தபின் மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து பழனியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி குடித்த கையோடு போகிறவர்களை அவள் நிறையப் பார்த்தவள். மிச்சமிருந்த சிலிண்டரைத் தசரதனுக்கு மாட்டச் சொன்னேன். அவன் பதினாறு நாள் இருந்தான்.

ஆறு மணிக்கு இருநூறு பேர் வந்தார்கள். விகாரையிலிருந்து திரும்பிய நாகம்மா வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அவன் வாயோரம் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பதினோரு வருஷம் ஆகிறது. இல்லம் நடக்கிறது. இதுவரை நூற்றுப் பதினெட்டுப் பேர் சுத்தமான படுக்கையில், வேண்டிய மட்டும் காற்று வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு துண்டும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஆனால் கடையில் யாராவது எதிரே நின்று பேரம் பேசினால், அவர் பேசுவது எனக்குக் காதில் விழுவதில்லை. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தொட்டால் கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பிவிடுகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சம்பள நாளன்று நாகம்மா கடைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணாவை மேஜைமேல் வைத்தாள். நான் இல்லத்து நோட்டை எடுத்தேன்.

"நன்கொடைன்னு எழுதாதீங்க மொதலாளி. அவரு பாக்கின்னு எழுதுங்க."

"என்ன பாக்கிம்மா?"

"துண்டு ரெண்டு மணிக்கு விழுந்துச்சின்னு தொரை நோட்ல எழுதிகீதாம். மூணு மணிக்கு நான் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். உசுரோட கீற ஆளுக்கு வாங்கின துட்டு அது. அவரு வெச்சிக்க சம்மதிச்சிருக்கமாட்டாரு. ஊருக்குத் திருப்பிடணும்."

பணத்தைப் பற்றித்தான் சொல்கிறாள், வேறெதையும் சந்தேகிக்கவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் பத்துப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். சம்பள நாள் தவறாமல் வருகிறாள். எட்டணாவை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இன்னும் எவ்ளோ மொதலாளி?" என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன். மொத்தத்தையும் என் கையிலிருந்து போட்டுத் தீர்த்துவிடலாம், எனக்கு அது பெரிய தொகையில்லை. எந்தப் பெயரில் வரவு வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த மாதத்தோடு நூற்று முப்பத்திரண்டு எட்டணா. வரவு அறுபத்தாறு ரூபாய். பெரியசாமி பெயரில் பாக்கி ஐந்நூற்று எழுபத்துநாலு. என் பெயரில் பாக்கி ஒன்றும் இல்லை.