ஒரே தொட்டியில் கைவிட்டவர்கள்

தெருவில் என்னைத் தொட்டிக்காரி என்பார்கள், அப்படியே எழுதிக்கொள்ளலாம். வயது நாற்பத்திரண்டு. கணவர் காலமாகிவிட்டார். சாயப்பட்டறையை ஒட்டிய வீட்டில் மாமியாருடன் இருக்கிறேன்.

கப்பலில் சீமைச் சாயப்பொடி வந்து இறங்கிய பிறகு தொழில் நின்றுபோய், விறகு அடுக்கிவைத்திருந்த அந்தப் பட்டறையை நான்தான் திறந்து, அவுரி இலையைத் தொட்டியில் ஊறப்போட்டு, நாற்றம் தாங்காமல் தெருவே என்னைத் திட்டித் தீர்த்த பிறகு ஒருவழியாக நீலம் எடுத்தேன். அதன் பிறகு கணவனை இழந்தவர்கள், வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள், மற்றவர்கள் தொடக் கூசுகிறவர்கள் என்று யார் வந்தாலும் வேலைக்குச் சேர்த்தேன். எல்லோரும் ஒரே தொட்டியில் கைவிடுவதால், என் மாமியார் என் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்று காலை இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்து, அன்னிய அரசு தடைசெய்த போராட்டக் கொடிகளை, நீலம் தோய்த்துக் காயவைத்திருந்ததை, எடுத்தார். பட்டறையும் என்னுடையது, கொடியும் என்னுடையது என்றேன். "ஒருத்தியா இவ்வளவும் போட்ட? எவ எவ கை நீலமோ அவளெல்லாம் உள்ளதான்" என்றார். முதலில் என்னை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து, மற்றவர்களைக் கொண்டுவர ஆள் அனுப்பினார். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. தொட்டியை வேறு கலக்காமல் வந்திருந்தேன்; விட்டால் கெட்டுப்போகும். நாற்காலி கொடுத்தும் இருப்புக் கொள்ளாமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

அதன் பிறகு பட்டறைப் பெண்களோடு, எங்களைக் கண்டால் கதவைச் சாத்தும் தெருப் பெண்களும் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த என் மாமியார், ஈரத்துணி சுற்றிய கைகளை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "என்னையும் எழுதிக்கப்பா" என்றார். கைகள் பச்சையாக இருந்தன. தொட்டியிலிருந்து எடுத்தது காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகும். மோதிரத்தைக்கூடக் கழற்றாமல் கைவிட்டிருக்கிறார். எல்லோரும் பார்க்கப் பார்க்க, மோதிரத்தோடு சேர்ந்து அவர் கைகள் நீலமாயின; தெருப் பெண்களின் கைகளும் அப்படியே.

இன்ஸ்பெக்டர் என்னிடம், "இது இப்ப முக்கின கை. உன் ஆளுங்க யாரு, வேஷம் போட்டு வந்தவங்க யாருன்னு பிரிச்சுக் காட்டு. உன்னை விட்டுடறேன்" என்றார்.

"இவங்க இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தாங்க. ஆனா சேர்ந்துட்டாங்க. பிரிக்கிற வேலை என் பட்டறையில கிடையாது" என்றேன்.

அதன் பிறகும் நான் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து மாமியார், "தொட்டியக் கலக்கிட்டுத்தான் வந்தோம், பறக்காத. தண்ணி எடுத்துக் குடு, தொண்டை வறண்டு கிடக்கு" என்றார்.

மூலையில் இருந்த பானையிலிருந்து நான் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. இதற்குமேல் யாரையும் பிரித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) தொட்டிக்காரி